குடிநீர், கழிப்பறை, சுகாதாரப் பணிகளைத் தேசிய அளவில் ஒருங்கிணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு முகாமின் வாசலில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் அருகருகே நிற்கின்றன. இரண்டிலும் வெவ்வேறு அமைப்புகளின் பெயர். நாலு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குடியிருப்பில் ஒரு தொட்டிகூட இல்லை. தொட்டி வைத்த இருவருமே பேரிடர்ச் செய்தி கேட்டதும் ஓடிவந்தவர்கள்தான். ஆனால் யார் எங்கே போகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கரைக் குழந்தை ஆற்றுத் தண்ணீரையே குடிக்கிறது. ஒருங்கிணைப்பு என்று நாம் செய்கிற அத்தனையும் அந்தக் குழந்தைக்காகத்தான்.

குடிநீர், கழிப்பறை, தன்சுத்தம் மூன்றையும் சேர்த்து இந்தத் துறையில் 'வாஷ்' என்பார்கள். பேரிடரோ போரோ வந்த ஒரு நாட்டில் அரசுத் துறைகள், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாஷ் பணியில் இறங்கும்போது, அவற்றை ஒரே திசையில் நகர்த்துவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். புதிதாக ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்பவர்களையும், கூட்டாளி அமைப்புகளின் களப் பொறுப்பாளர்களையும் மனதில் வைத்து எழுதியது.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் தப்பி, அன்றைய ஸயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரத்தை ஒட்டித் தஞ்சம் புகுந்தார்கள். முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காலராவாலும் சீதபேதியாலும். அங்கே தரை முழுக்க எரிமலைப் பாறை. கழிப்பறைக் குழி தோண்ட முடியவில்லை. குடிக்கத் தண்ணீரும் போதவில்லை. உதவ வந்த அமைப்புகளுக்கோ பொதுவான அளவுகோல் என்று எதுவும் கிடையாது. அந்த அனுபவத்தின் வலியில்தான் 1997இல் ஸ்பியர் திட்டம் தொடங்கியது. ஒரு மனிதருக்குக் குறைந்தது எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று உலகம் பொதுவாக ஒப்புக்கொண்ட எண்கள் அங்கிருந்து வந்தவை.

அளவுகோல் வந்த பிறகும், யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தது. 2005இல் நடந்த மனிதநேய உதவிச் சீர்திருத்தத்தில் ஒவ்வொரு துறைக்கும் 'கிளஸ்டர்' என்ற ஓர் ஒருங்கிணைப்புக் குழு, அதற்கு ஒரு தலைமை அமைப்பு என்று முடிவானது. வாஷ் துறைக்கு உலக அளவில் யுனிசெஃப் அந்தப் பொறுப்பை ஏற்றது. அகதிகள் மட்டுமே இருக்கும் சூழலில் வழி வேறு: அங்கே ஐ.நா. அகதிகள் முகமைதான் ஒருங்கிணைப்பை நடத்தும். எந்தச் சூழல் என்பதை முதல் நாளே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே மாவட்டத்தில் இரண்டு கூட்டங்கள், இரண்டு பட்டியல்கள் உருவாகிவிடும்.

படி 1: நாற்காலியில் யார்?

முடிந்த இடத்திலெல்லாம் அரசுத் துறைதான் தலைமை. கிளஸ்டர் கலைந்த பிறகும் அந்த நாட்டில் குழாயைப் பழுதுபார்க்கப்போவது அவர்கள்தானே. ஹைட்டியில் 2010 ஜனவரி 12ஆம் தேதி நிலநடுக்கம் வந்தபோது, டினேபா என்ற தேசிய நீர், கழிவுநீர் ஆணையத்துக்குச் சட்டம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இருந்தும் வாஷ் கிளஸ்டரின் தலைமையில் அந்த ஆணையமே அமர்ந்தது. யுனிசெஃப் துணை நின்றது. அது சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. அரசே போரில் ஒரு தரப்பாக இருந்தால் நிலைமை சிக்கலாகும். அங்கே நடுநிலையைக் காப்பாற்றும் வகையில் அரசின் பங்கை வரையறுக்க வேண்டியிருக்கும்.

குறைந்தது இரண்டு பேர் முழுநேரமாக வேண்டும்: ஒருங்கிணைப்பாளர் ஒருவர், தகவல் மேலாளர் ஒருவர். தகவல் மேலாளரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் இல்லாத கிளஸ்டரில் வாரக் கூட்டம் மட்டும்தான் மிஞ்சும். ஒருங்கிணைப்பாளருக்கு அவரது சொந்த அமைப்பின் திட்டங்களை நடத்தும் வேலையைச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது. நிதி பங்கிடும் கூட்டத்தில் அவர் யாருக்காகப் பேசுகிறார் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு என்ன செய்தும் போகாது.

தலைமை அமைப்புக்கு இன்னொரு கடமை உண்டு. ஒரு இடைவெளியை நிரப்ப வேறு யாருமே முன்வராதபோது, பாதுகாப்பும் அணுகலும் நிதியும் இருக்கும் பட்சத்தில், அந்த வேலையைத் தலைமை அமைப்பே ஏற்க வேண்டும். 'கடைசிப் புகலிடம்' என்று இதைச் சொல்லலாம். பொறுப்பு ஆவணத்தில் இது எழுத்தில் இருக்கட்டும்.

படி 2: கூட்டாளிகளைத் தேடிப் போங்கள்

தலைநகரில் அலுவலகம் இருக்கும் பெரிய நிறுவனங்கள் தாமாகவே வந்துவிடும். ஊரில் ஏற்கெனவே கிணறு தூர்வாரிக்கொண்டிருக்கும் உள்ளூர் சங்கம், மகளிர் குழு, வழிபாட்டுத் தல அறக்கட்டளை, தனியார் தண்ணீர் லாரி உரிமையாளர்கள் இவர்கள் வரமாட்டார்கள். கூட்டம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கூட்டம் நடக்கும் மொழி தடுக்கும். ஹைட்டியில் நிலநடுக்கத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. வாசல் காவலைத் தாண்டி உள்ளே வருவதே அந்த நாட்டு அமைப்புகளுக்குச் சிரமமாக இருந்தது. பிறகு பல மதிப்பீடுகள் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டின. ஆகவே கூட்டத்தை உள்ளூர் மொழியில் நடத்துங்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். எல்லோரும் அடையாள அட்டை இல்லாமல் வரக்கூடிய இடத்தில் நடத்துங்கள்.

2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து கூட்டாண்மைக்கு ஐந்து கொள்கைகளை ஏற்றுக்கொண்டன: சமத்துவம், வெளிப்படைத்தன்மை, பலனை நோக்கிய செயல்பாடு, பொறுப்பு, ஒருவரை ஒருவர் நிறைவு செய்தல். இவற்றில் கடைப்பிடிக்கக் கடினமானது முதலாவது. நாற்பது லாரி வைத்திருப்பவரும் இரண்டு அடிபம்பு மெக்கானிக் வைத்திருப்பவரும் ஒரே மேசையில் உட்காரும்போது, இரண்டாமவர் பேசும்வரை காத்திருக்கும் பொறுமை ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டும். அக்கரைக் குடியிருப்புக்குப் போகும் வழி தெரிந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்றவை தங்கள் நடுநிலையைக் காக்க உறுப்பினராகச் சேராமல் பார்வையாளராக இருக்கக்கூடும். கட்டாயப்படுத்தாதீர்கள். எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்ற தகவல் மட்டும் தனிப் பேச்சில் தொடர்ந்து கிடைத்தால் போதும்.

படி 3: எண்களில் ஒரே பேச்சு

இரண்டாவது கூட்டம் முடிவதற்குள் எல்லோரும் ஒரே அளவுகோலில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தொடக்கமாக ஸ்பியர் எண்கள்:

- குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர்.
- குழாய் ஒன்றுக்கு 250 பேர், அடிபம்பு ஒன்றுக்கு 500 பேர், திறந்த கிணறு ஒன்றுக்கு 400 பேர். வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர் இடம். வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது.
- கழிப்பறை ஒன்றுக்கு முதல் நாட்களில் 50 பேர்வரை. கூடிய சீக்கிரம் அதை 20 பேராகக் குறைக்க வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று.
- நிலத்தடி நீர் ஆதாரத்திலிருந்து கழிப்பறைக் குழி 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே.
- தண்ணீர் வழங்கும் இடத்தில் எஞ்சிய குளோரின் (கிருமியைக் கொன்றபின் தண்ணீரில் மிஞ்சுவது) லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம், கலங்கல் 5 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு).
- ஒருவருக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு.

இவை குறைந்தபட்ச எண்கள். அந்த நாட்டுக்குச் சொந்த அளவுகோல் இருந்தால் அதை மேசையில் வைத்து ஒப்பிட்டு, எது நடைமுறை என்று அரசுத் துறையோடு முடிவெடுங்கள். வறண்ட பகுதியில் முதல் வாரம் 15 லிட்டர் எட்டாது, அப்போது 7.5 லிட்டரில் தொடங்கி எந்தத் தேதிக்குள் 15ஐத் தொடுவோம் என்று எழுதுங்கள். தேதி போடாமல் அளவைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குளோரின் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிர்கள் போகின்றன. தொட்டியில் குளோரின் கலந்து அரை மணி நேரம் விட்டு, குழாயடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, குளோரினைச் சோதிக்கும் டி.பி.டி. மாத்திரை ஒன்றைப் போட்டு நசுக்கினால் ரோஸ் நிறம் வரும். அந்த நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தால் எண் கிடைக்கும். லேசான ரோஸ் என்றால் குறைவு, அடர்த்தி என்றால் அதிகம். அதே தண்ணீர் குடத்தில் ஏறி, வெயிலில் நடந்து, வீட்டில் இரவு முழுக்கத் திறந்து கிடந்த பிறகு மறுபடி சோதித்துப் பாருங்கள். பல வீடுகளில் நிறமே வராது. குழாயடி எண்ணை மட்டும் கேட்கும் கிளஸ்டருக்கு இது கண்ணில் படாது. கூட்டாளிகளின் மாத அறிக்கையில் 'வீட்டுக் குடத்தில் எடுத்த சோதனைகள்' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும்.

படி 4: யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்கு

ஒருங்கிணைப்பின் இதயம் ஓர் எக்செல் அட்டவணை. ஐந்து கேள்விகளும் ஆங்கிலத்தில் டபிள்யூவில் தொடங்குவதால் துறையில் 'ஐந்து டபிள்யூ' என்று பெயர். எந்த அமைப்பு, என்ன வேலை, எந்த ஊர், எந்தத் தேதி முதல் எதுவரை, எத்தனை பேருக்கு: ஒரு வேலைக்கு ஒரு வரி. கேட்க எளிது. இதில் தவறும் இடங்கள் எப்போதும் அதே மூன்றுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஊர்ப் பெயர். ஒரே குடியிருப்பை மூன்று அமைப்புகள் மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதினால், அட்டவணை அதை மூன்று ஊராக எண்ணும். ஒவ்வொரு நிர்வாகப் பகுதிக்கும் அரசு அல்லது ஐ.நா. வழங்கியிருக்கும் இடக் குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துங்கள். பெயரைக் கையால் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி படிவத்தை அமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, இரட்டைக் கணக்கு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 48,000 பேர். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் நாளுக்கு 7,20,000 லிட்டர் தேவை. மூன்று அமைப்புகள் அறிக்கை தருகின்றன: முதலாவது 2,50,000 லிட்டர், இரண்டாவது 2,80,000, மூன்றாவது 2,40,000. கூட்டினால் 7,70,000. தேவைக்கு மேல் இருக்கிறது என்று பச்சை நிறம் அடித்துவிடத் தோன்றும். தகவல் மேலாளர் ஃபோனை எடுத்து ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். முதல் அமைப்பின் பணத்தில்தான் இரண்டாவது அமைப்பின் லாரிகள் சிலவும் ஓடுகின்றன. அந்த 1,60,000 லிட்டரை இருவருமே எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது அமைப்பு எழுதியது தொட்டிகளை நாளுக்கு இரண்டு தடவை நிரப்பும் திட்டக் கணக்கு. உண்மையில் ஒரு தடவைதான் நிரம்புகிறது, அதாவது 1,20,000. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 4,90,000 லிட்டர். ஆளுக்குப் பத்து லிட்டர் சொச்சம். நாளுக்கு 2,30,000 லிட்டர் குறைகிறது; 10,000 லிட்டர் லாரியில் இன்னும் 23 நடை. மூன்று ஃபோன் பேச்சுக்கு முன்னால் பச்சையாக இருந்த வட்டாரம் இப்போது சிவப்பு.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. படிவத்தில் 'பணம் யாருடையது, வேலை யாருடையது' என்று இரண்டு கட்டங்கள் இல்லை. 'திட்டமிட்டது, நடந்தது' என்ற பிரிவும் இல்லை. படிவத்தைத் திருத்துங்கள்.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. அட்டவணை செய்த வேலையை மட்டுமே காட்டும். யாருமே போகாத ஊர் அதில் ஒரு வரியாகக்கூட இருக்காது. ஆகவே பாதிக்கப்பட்ட எல்லா ஊர்களையும் மக்கள்தொகையோடு முதலில் ஒரு பட்டியலாக இறக்கி, அதன்மேல் கூட்டாளிகளின் வேலைகளைப் பொருத்துங்கள். அப்போது வெறுமையாக நிற்கும் ஊர்கள் தெரியும். ஒவ்வொரு கூட்டத்தையும் அந்த வெற்று வரிகளை வாசித்துத் தொடங்குங்கள்.

படி 5: கூட்டம்

நெருக்கடி உச்சத்தில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் இருமுறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அமைப்பும் தான் செய்ததை வரிசையாகச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். அது அட்டவணையிலேயே இருக்கிறது. கூட்டத்தின் வேலை முடிவெடுப்பது: இந்த வெற்று ஊருக்கு யார் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள்? பதில் சொன்னவரின் பெயரும் தேதியும் குறிப்பில் ஏற வேண்டும், அந்தக் குறிப்பு 24 மணி நேரத்தில் எல்லோருக்கும் போக வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் அதுவே.

படி 6: தேசியம் எது, மாவட்டம் எது

தலைநகரில் இருந்துகொண்டு எந்தத் தெருவுக்கு லாரி போக வேண்டும் என்று முடிவெடுக்காதீர்கள். அது மாவட்டக் கிளஸ்டரின் வேலை. அளவுகோல், பொதுத் திட்டம், நிதி, அரசோடு பேச்சு, பொருள் இருப்பு, சுங்க அனுமதி ஆகியவை தேசிய அளவில் இருக்கட்டும். மாவட்டத்தால் தீர்க்க முடியாதது மட்டும் மேலே வரட்டும். அப்படி வந்த கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் பதில் கீழே போயாக வேண்டும்.

படி 7: சிறிய குழுக்கள்

அறுபது பேர் கூட்டத்தில் தொழில்நுட்ப முடிவு எடுக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வழிகாட்டும் குழு போதும். அரசு, ஐ.நா., சர்வதேச அமைப்பு, உள்நாட்டு அமைப்பு என்று எல்லாத் தரப்பும் அதில் இருக்கட்டும். உள்நாட்டு அமைப்புகளைத் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். தொழில்நுட்பக் குழுக்களைத் தேவைக்கு மட்டும் அமைத்து, வேலை முடிந்ததும் கலைத்துவிடுங்கள்.

எந்த நாட்டிலும் தவறாமல் தலைதூக்கும் விஷயங்கள் மூன்று. ஒன்று, சுகாதாரத் தொண்டர்களுக்கான ஊக்கத்தொகை. ஒரு அமைப்பு அதிகம் கொடுத்தால் பக்கத்து முகாமின் தொண்டர்கள் எல்லாம் அங்கே போய்விடுவார்கள். ஆகவே ஒரே தொகை. இரண்டு, சுகாதாரப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பது. சோப்பு, மூடியுள்ள குடம், மாதவிடாய்த் துணி அல்லது அணையாடை. பெண்களிடம் கேட்காமல் இந்தப் பட்டியலை முடிக்காதீர்கள். மூன்று, மலக்கசடு. கழிப்பறை கட்டப் பத்துப் பேர் வருவார்கள். குழி நிரம்பிய பிறகு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விக்கு அறை அமைதியாகிவிடும். குழி தோண்டும் முன்பே கசடு போகும் இடத்தை அரசோடு பேசி முடிவு செய்யுங்கள்.

படி 8: பணம்

ஆண்டுத் தேவை மதிப்பீடும் செயல்திட்டமும் எழுதும்போது வாஷ் பகுதிக்கு நீங்கள்தான் எண் கொடுக்க வேண்டும். அந்த எண் படி 4இன் அட்டவணையிலிருந்து வந்தால் நிதி தருபவர் நம்புவார். ஐ.நா.வின் மத்திய அவசர நிதியிலோ நாட்டு அளவிலான பொது நிதியிலோ பணம் வரும்போது, எந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்ற பரிந்துரை கிளஸ்டரிடம் கேட்கப்படும். மதிப்பெண் முறையை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்புங்கள். விண்ணப்பித்த அமைப்பின் ஆள் தன் விண்ணப்பம் வரும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும், தலைமை அமைப்பின் ஆளும்கூட. உள்நாட்டு அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுத ஒரு நாள் உட்கார்ந்து உதவுங்கள். வேலை தெரிந்தும் படிவம் தெரியாததால் விடுபட்டவர்கள் நிறைய.

படி 9: காலரா வந்தால்

அதே ஹைட்டியில் 2010 அக்டோபரில் தொடங்கிய காலரா, பிந்தைய ஆண்டுகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்து, ஏறக்குறைய 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. கிருமி உடலில் நுழைந்து 12 மணி நேரம் முதல் 5 நாளுக்குள் நோய் வெளிப்படும். ஆகவே மருத்துவப் பணிகளைக் கவனிக்கும் சுகாதாரக் கிளஸ்டரின் நோயாளிப் பட்டியல் வார அறிக்கையாக வந்தால் பயனில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்ற தகவல் அன்றன்றைக்கே வாஷ் குழுவின் கைக்கு வர வேண்டும். ஒரு பொறுப்பாளர், ஒரு ஃபோன் எண் என்று இரு தரப்பிலும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். பட்டியலில் பெயர் வந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரே நாளில் குளோரின் மாத்திரை, சோப்பு, விளக்கம் போய்ச்சேர வேண்டும்.

குளோரின் அளவும் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, காலரா பரவும் பகுதியில் குழாய் வழித் தண்ணீரில் எந்த இடத்தில் எடுத்தாலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், பொதுக் குழாயடியில் 1, லாரியில் நிரப்பும்போது 2. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு லாரி ஓட்டுநரின் கண்ணாடிக்குப் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள்.

மற்றத் துறைகளோடும் இதே நெருக்கம் வேண்டும். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் வழியில் விளக்கும் இல்லாவிட்டால் இரவில் பெண்கள் போகமாட்டார்கள், மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பினரோடு ஒருமுறை இருட்டிய பிறகு அந்த வழியில் நடந்து பாருங்கள்.

படி 10: மக்கள் சொல்வது

புகார்ப் பெட்டி மட்டும் போதாது; எழுதத் தெரியாதவர்கள், நேரமில்லாதவர்கள் நிறைய. குழாயடி வரிசையிலேயே நின்று கேளுங்கள். எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான ஒரே ஃபோன் எண் இருந்தால், 'இது எங்கள் தொட்டி இல்லை' என்ற பதில் மக்களுக்குக் கிடைக்காது. வந்த புகார்களின் தொகுப்பு ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்படட்டும்.

படி 11: ஆண்டுக்கு ஒருமுறை உங்களையே அளந்து, ஒப்படைக்கத் தயாராகுங்கள்

கிளஸ்டர் தன் அடிப்படைக் கடமைகளைச் செய்கிறதா என்று கூட்டாளிகளே மதிப்பிடும் முறை இருக்கிறது. சேவை போய்ச்சேரத் துணை நிற்பது, முடிவெடுப்பவர்களுக்குத் தகவல் தருவது, திட்டமிடுவது, குரல் கொடுப்பது, கண்காணிப்பது, அடுத்த பேரிடருக்குத் தயாராவது ஆகிய ஆறும், மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் அதில் அளக்கப்படும். பெயர் சொல்லாமல் பதிலளிக்க வழி செய்து, முடிவை மறைக்காமல் கூட்டத்தில் வையுங்கள்.

ஒப்படைப்பை முதல் மாதத்திலேயே எழுதத் தொடங்கலாம். எந்தத் துறையின் எந்த அதிகாரிக்கு அட்டவணை போகும், அவருக்கு யார் கற்றுத் தருவார், குளோரினும் உதிரிப் பாகங்களும் எந்தக் கிடங்கில் எவ்வளவு, லாரி ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன என்று ஒரு பக்கத்தில் குறியுங்கள். தகவல் மேலாளரின் பக்கத்தில் அரசுத் துறை ஊழியர் ஒருவரை முதல் வாரத்திலிருந்தே உட்கார வையுங்கள். மூன்றாவது மாதம் அட்டவணையை அவர் நிரப்பட்டும், உங்கள் ஆள் சரிபார்க்கட்டும். ஆறாவது மாதம், வெற்று வரிகளை வாசித்துக் கூட்டத்தைத் தொடங்குபவர் அவராக இருக்கட்டும்.